பயணப் பையில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

(பொங்கல் விடுமுறையில் மலைநடைப் பயணம் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



 

இன்ஷா அல்லாஹ், வருகிற பொங்கல் விடுமுறையில் நம் பகுதிப் பிள்ளைகள் ஏலகிரிக்குப் போகிறார்கள். ஓர் இரவு தங்கல், மறுநாள் காலை சுவாமிமலைப் பாதையில் நடை. அறிவிப்புப் பலகையில் செய்தி போட்ட நாளிலிருந்து பெற்றோர் எங்களிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் பையைப் பற்றியவை. என்ன கொடுத்து அனுப்புவது, எவ்வளவு கொடுத்து அனுப்புவது, பெரிய பை வாங்க வேண்டுமா, செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்குகிறார்களே, அது மாதிரி வேண்டுமா என்றெல்லாம் கேட்டீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடலாம் என்று இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கிறோம்.

பெரிய பை வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடன் வாங்கிப் பை வாங்குகிற வேலை யாரும் செய்ய வேண்டாம். அந்த வெளிநாட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு வருகிறார். நம் பிள்ளை ஒரு பகல் நடந்துவிட்டு வரப்போகிறான். பள்ளிக்கூடப் பையே போதும், அதன் வார் அறுந்துபோகாமல் இருந்தால்.

சென்ற வாரம் பிள்ளைகளைப் பைகளைக் கட்டி எடுத்துவரச் சொல்லி, நம் அலுவலகத்தில் அரிசி விநியோகத்துக்கு வைத்திருக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒரு பை பதின்மூன்றரைக் கிலோ. பிரித்தால் இரண்டு ஜீன்ஸ், நான்கு சட்டை, ஒரு ரஜாய், வெல்வெட் முஸல்லா, மூன்றடுக்கு டிபன் கேரியர், ஒரு டப்பா முறுக்கு, முழு பாட்டில் ஷாம்பு. அந்தப் பிள்ளையின் எடையே 46 கிலோதான். இன்னொரு பை ஒன்றரைக் கிலோகூட வரவில்லை. செல்பேசி, பவர் பேங்க், பாட்டு கேட்கும் சிறு ஸ்பீக்கர், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். முதல் பையைக் கட்டியது தாய், இரண்டாவதைக் கட்டியது பிள்ளையே என்று சொல்லத் தேவையில்லை. இரண்டிலும் டார்ச் விளக்கு இல்லை. மழை வந்தால் போர்த்திக்கொள்ள இரண்டிலும் ஒன்றும் இல்லை. விசில் இல்லை, மருந்து இல்லை. பதின்மூன்று கிலோ சுமந்த பிள்ளைக்கும் ஆபத்தில் கைகொடுக்கும் பொருள் ஒன்றும் பையில் இல்லாமல் போனதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிள்ளைகள் ஏன் ஒன்றுமில்லாமல் கிளம்புகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தோம். நம் ஊர்ப் பழக்கம் அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் வாசல் வழியே லட்சக்கணக்கான மக்கள் கிரிவலம் போகிறார்கள். 14 கிலோமீட்டர். வெறுங்கையோடு நடக்கலாம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர், அன்னதானம், தெருவிளக்கு, காவலர், ஆம்புலன்ஸ். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நடை என்றால் வழியில் எல்லாம் கிடைக்கும் என்ற எண்ணம் மனதில் ஊறிவிட்டது. காட்டுப் பாதையில் பந்தல் இல்லை. கையில் இருப்பதுதான் தண்ணீர், கூட வருபவர்தான் ஆம்புலன்ஸ்.

குரங்கணியைப் பற்றி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள மலை அது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடான பயணம் என்பதால் சென்னைக் குழுவில் பெண்கள் அதிகம். படித்தவர்கள், நல்ல வேலையில் இருந்தவர்கள். கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டு இறங்கி வரும்போது, உயர வளர்ந்து காய்ந்து கிடந்த புல்லில் தீ பிடித்துச் சரிவில் ஏறியது. காற்றும் சேர்ந்துகொண்டது. மிரண்டு ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிலர் அங்கேயே, சிலர் மருத்துவமனைகளில் நாள்கணக்கில் போராடி. இந்திய விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் அந்த மலையின் மக்கள்தான். போர்வையிலும் கம்பிலும் தொட்டில் கட்டித் தீக்காயம் பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். அவர்கள் யாரை எந்த மதம் என்று கேட்டுத் தூக்கவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

அனுமதிச் சீட்டு கொடுக்கப்பட்ட பாதை வேறு, அவர்கள் போன பாதை வேறு என்று அப்போது அரசுத் தரப்பில் சொன்னார்கள். போனவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அழைத்துப் போனவரை நம்பிப் போனவர்கள் அவர்கள். இறந்தவர்களைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் நம் பிள்ளையை ஒருவர் அழைத்துப் போகும்போது, எந்தப் பாதை, யார் அனுமதி, எந்தக் காலம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எங்களிடமும் கேளுங்கள். கேட்காமல் அனுப்பாதீர்கள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் 2018-லேயே தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தந்த மலையிலேயே வாழும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். சுவாமிமலைப் பாதை அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். கோடைக்கு முன் புல் காயத் தொடங்கும்போது, பிப்ரவரி நடுவிலிருந்து, தீப்பருவம் என்று இந்தப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். ஜனவரியில் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் நம் வீட்டு வாசலில் நிற்கிற மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சி எடுக்கிறோம் என்று அண்ணாமலையின் மேல் ஏற வேண்டாம். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் ஏறக் கூடாது. நம் அண்டை வீட்டாருக்கு அது வழிபாட்டுக்குரிய மலை, அதை விளையாட்டு மைதானமாக்குவது அண்டை வீட்டாரின் ஹக்குக்கும் பொருந்தாது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அதே மலையின் சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் 7 உயிர்கள் போனதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த ஆண்டு தீபத்துக்கே பக்தர்களை மேலே ஏற விடவில்லை. மழைக்காலத்து மலை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்கு வேறு பாடம் தேவையில்லை.

பைக்கு வருவோம்.

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்தவர்களில் சிலர், நாங்கள் தவக்கல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு உணவு எதுவும் எடுக்காமல் புறப்பட்டு, மக்காவுக்கு வந்ததும் பிறரிடம் கேட்டு நின்றார்கள். பயணத்துக்கு வேண்டிய உணவை எடுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை, பகரா அத்தியாயத்தில் ஹஜ்ஜைப் பற்றிய இடத்தில், இவர்கள் விஷயத்தில்தான் வந்தது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்க வேண்டும் என்ற ஹதீஸும் உங்களுக்குத் தெரியும். ஆக, ஒன்றுமில்லாமல் கிளம்புகிற பிள்ளைக்கு மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது. ரஜாயைக் கட்டி அனுப்புகிற தாய்க்கும் கிடையாது. பயணம் என்றதும் தொழுகையையே சுருக்கிக் கொடுத்த மார்க்கம் இது.

இப்போது கணக்கு. நடக்கும் நாளில் முதுகில் ஏறுவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. இரவு தங்கும் சாமானையும் சுமந்து நடப்பவர்களுக்கே ஐந்தில் ஒரு பங்கு வரை சொல்வார்கள். நம் பிள்ளைகளின் இரவுச் சாமான் தங்கும் இடத்திலேயே இருக்கும். 45 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாலரைக் கிலோ. அதில் தண்ணீர் மட்டும் இரண்டரைக் கிலோ, ஏனென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை யாராலும் குறைக்க முடியாது. நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர். வெயில் ஏறினால் இன்னும் வேண்டும். பெரிய பையன்கள் மூன்று லிட்டர் எடுக்க வேண்டும். புறப்படும் முன்பே அரை லிட்டர் குடித்துவிட வேண்டும், வயிற்றில் இருக்கும் தண்ணீர் தோளில் கனக்காது.

மிச்சம் இரண்டு கிலோ. பை அறுநூறு கிராம், உணவு நானூறு, மழைச்சட்டை இருநூற்றைம்பது, ஸ்வெட்டர் முந்நூற்றைம்பது, செல்பேசி இருநூறு, டார்ச் எண்பது, விசிலும் மருந்தும் நூறு. கூட்டிப் பாருங்கள், இரண்டு கிலோவுக்கு இருபது கிராம் குறைவு. ஸ்பீக்கருக்கு இடமில்லை. தண்ணீருக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் குறைக்கச் சொல்கிறோம். ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கனமாக இருக்கிறது என்று முதலில் தண்ணீரைத்தான் கொட்டுகிறார்கள்.

வெறும் தண்ணீரும் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பாக்கெட் மேலேயே போட்டிருக்கும், பார்த்துக் கலக்குங்கள். பாக்கெட் இல்லாத வீட்டில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

வெயில் என்றதும் இங்கே பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள், இது பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்களுக்கும் இதுதான் பாடம். 2024 ஹஜ்ஜில் ஜூன் 17 அன்று மக்காவில் 51.8 டிகிரி வெயில். அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதி இல்லாமல் வந்து, கூடாரமும் வாகனமும் கிடைக்காமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சொன்னது. அனுமதி என்றால் ஏதோ காகிதம் என்று நினைக்கிறோம். அந்தக் காகிதத்தோடுதான் நிழலும் தண்ணீரும் வருகின்றன. ஹஜ் முடித்து வந்தவர்களைக் கேளுங்கள், மினாவுக்குப் புறப்படும்போது பெரிய பெட்டியெல்லாம் மக்கா அறையிலேயே கிடக்கும். முஸ்தலிஃபாவில் திறந்த வெளியில் படுப்பதற்கு ஒரு சிறு பைதான் கையில். அதில் தண்ணீர், குடை, மருந்து, ஒரு விரிப்பு. வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கட்டிப் போனவர்கள்கூட அந்த நாட்களில் அதை வைத்தே சமாளித்தார்கள். அதே பைதான் இந்தப் பிள்ளைக்கும் வேண்டும். குடைக்குப் பதில் தொப்பி.

உணவு. ஹலால் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில்தான் டிபன் கேரியர் ஏறுகிறது என்பது எங்களுக்குப் புரிகிறது. தங்கும் இடத்தில் இரவும் காலையும் சைவச் சாப்பாட்டுக்கும் முட்டைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். தேக்சாவைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம். பிரியாணி திரும்பி வந்தபின் நம் வீட்டில் சாப்பிடலாம். அது மதியத்துக்குள் கெட்டும் போகும், தண்ணீர்த் தாகத்தையும் கூட்டும். நடக்கும்போது வேண்டியது எடை குறைவாகவும் சக்தி அதிகமாகவும் இருக்கும் பண்டம். நூறு கிராம் வேர்க்கடலையில் 550 கலோரிக்கு மேல், பேரீச்சம்பழத்தில் 280 அளவில். கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சை, இவை மூன்றையும் கலந்து நானூறு கிராம் கட்டினால் ஒரு பகல் தாராளமாக ஓடும். வெளிநாட்டுச் சாக்லேட் பட்டைகள் எதுவும் தேவையில்லை.

உடுப்பு விஷயத்தில் ஜீன்ஸை முதலில் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். காய்ந்தாலே முக்கால் கிலோ வரும், நனைந்தால் சொல்ல வேண்டாம், அன்றைக்குள் காயாது. லேசான பேண்ட் ஒன்று, முழுக்கைச் சட்டை ஒன்று, இரவுக்கு ஒரு கைலி. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். நம் ஊரைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும், ஜனவரி இரவில் குளிரும். அதனால் ஸ்வெட்டர் கட்டாயம், ரஜாய் தேவையில்லை. காலுறை மட்டும் ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். ஈரக் காலுறைதான் கொப்புளம் போடும். பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்கி அன்றைக்கே முதன்முதலாகப் போடுவது இன்னும் மோசம். வாங்குவதாக இருந்தால் இன்றே வாங்கித் தினமும் பள்ளிவாசலுக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள், கால் பழகட்டும்.

உம்மத்தின் பெண்பிள்ளைகளும் அவர்களுடைய அத்தா, அண்ணன்மாரோடு தனிக் குழுவாக வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்கு ஒன்று. தரையைத் தொடும் புர்காவின் கீழ்விளிம்பு படியிலும் வேரிலும் மாட்டும். கணுக்கால் அளவில் நிற்கும் தளர்வான நீண்ட குர்தாவும் சல்வாரும் பருத்தி முக்காடும் போதுமா, ஹிஜாபுக்குப் பொருந்துமா என்று இமாம் அவர்களிடம் கேட்டோம். மறைக்க வேண்டியவை மறைந்து, உடல் வடிவம் தெரியாமல் தளர்வாக இருந்தால் போதும் என்றார்கள். முக்காட்டை ஊசி குத்தி வைப்பதைவிட முடிச்சுப் போட்டுக்கொள்வது நல்லது. நைலான், பாலியஸ்டர் துணியோடு அடுப்பின் பக்கம் யாரும் போக வேண்டாம். தீப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். இது மலைக்கு மட்டும் இல்லை, நம் சமையலறைக்கும்தான்.

அத்தர் குப்பி வேண்டாம். பாறைகளில் மலைத்தேனீ கூடு இருக்கும் இடங்களில் கடும் வாசனை அவற்றைக் கிளப்பிவிடும். அன்றைக்கு ஒரு நாள் மணக்காமல் இருப்போம்.

வெல்வெட் முஸல்லாவும் வேண்டாம். சுத்தமான பூமி முழுதுமே இந்த உம்மத்துக்குத் தொழுமிடம். பாறை சுட்டால் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், அதே துண்டு வியர்வைக்கும் ஆகும், அடிபட்ட கையைத் தொட்டிலாகக் கட்டவும் ஆகும். பேஸ்ட், பிரஷ் இரவுப் பையில் இருக்கட்டும், மிஸ்வாக் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒளூவோடு கணுக்காலை மூடும் தோல் காலணி அணிந்தவர்களுக்கு அதன் மேல் மஸ்ஹ் செய்யும் சலுகை உண்டு. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. துணிக் காலணிக்கு அது பொருந்தாது. யாருடைய காலணி எதில் சேரும் என்று புறப்படும் முன் இமாமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கஸ்ரு, ஜம்உ பற்றியும் அவரவர் மத்ஹபுப்படி அவரே சொல்வார்.

இதில் ஒன்றை மட்டும் நாங்களே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்தியுள்ள பிள்ளைகள் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் ஒளூச் செய்துவிட்டு மிச்சத் தூரத்தைத் தாகத்தோடு நடக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். இருக்கும் தண்ணீர் குடிக்கத் தேவை, அதைச் செலவழித்தால் தாகத்தால் ஆபத்து வரும் என்ற நிலையில் தயம்மும் செய்துகொள்ளலாம் என்பதை ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே சொல்கின்றன. கூட வருபவரின் தாகமும் அந்தக் கணக்கில் சேரும். உயிரைக் காப்பதும் ஷரீஅத்தின் நோக்கங்களில் ஒன்று.

எடை எவ்வளவு குறைந்தாலும் குறைக்கவே கூடாதவை சில. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர். அதை இரவுப் பையில் வைக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அவருடைய மருந்தும், சட்டென்று வாயில் போட இனிப்பும். மருந்து டப்பாவையே தூக்கி வர வேண்டாம், வேண்டிய மாத்திரைகளை அட்டையோடு வெட்டி, பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் ஒவ்வொருவரிடமும் வேண்டும். பகலிலேயே திரும்பிவிடுவோமே என்பீர்கள். ஒருவனுக்குக் கால் பிசகினால் மாலையாகிவிடும், அப்போது செல்பேசி வெளிச்சத்தில் இறங்கினால் செல்பேசியும் தீர்ந்துபோகும். விசில் பத்து ரூபாய். தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு மடிப்புக்கு அப்பால் கேட்காது, விசில் கேட்கும். மூன்று முறை ஊதி நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். விளையாட்டுக்கு ஊதினால் பறிமுதல். மழைச்சட்டை வாங்க முடியாதவர்கள் பெரிய கறுப்புக் குப்பை உறை ஒன்றைத் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு எடுத்துவந்தால் போதும், ஐம்பது கிராம்கூட இருக்காது. குப்பையைத் திரும்பக் கொண்டுவரவும் அதுவே ஆகும்.

செல்பேசியைக் காட்டுக்குள் விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். சிக்னல் தேடித் தேடியே அது சார்ஜைத் தின்றுவிடும்.

எல்லோரும் எல்லாவற்றையும் சுமக்கத் தேவையில்லை. ஐந்து பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு பவர் பேங்க், ஒரு கத்தி. பெட்டியில் கட்டுத்துணி, பிளாஸ்திரி, கிருமிநாசினி, காய்ச்சல் மாத்திரை, அலர்ஜி மாத்திரை. பாம்பு கடித்தால் கட்ட வேண்டும், கீற வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் கம்பு வைத்துத் துணியால் தாங்கி, நடக்க விடாமல் தூக்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. ஆகையால் கயிறும் பிளேடும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுங்கள் என்பது நம் நபிவழி. ஒவ்வோர் ஐந்து பேருக்கும் ஓர் அமீரைப் போட்டிருக்கிறோம். வழிகாட்டியின் சொல்லை மீறும் அதிகாரம் அமீருக்கும் கிடையாது. அவர் அந்த மலையில் பிறந்தவர், திரும்பலாம் என்றால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். எங்காவது புகை தெரிந்தால் படம் பிடிக்க நிற்காதீர்கள், மேல்நோக்கியும் ஓடாதீர்கள். தீ மேட்டில் மனிதனைவிட வேகமாக ஏறும். வெற்றுப் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம், இவற்றில் வழிகாட்டி காட்டும் பக்கம் போக வேண்டும். பை தடுத்தால் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு பையைப் போட்டுவிடுங்கள். புதுப் பை, செல்பேசி உள்ளே இருக்கிறது என்று யாரும் திரும்பிப் போகக் கூடாது. பெற்றோரே, இதை நீங்களே உங்கள் வாயால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். தொலைத்துவிட்டு வந்தால் அத்தா அடிப்பார் என்று பயந்து ஒரு பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது.

கடைசியாக, பையில் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் தருகிறோம். பாதையின் பெயர், புறப்படும் நேரம், இறங்கும் நேரம், அமீரின் எண், வழிகாட்டியின் எண், தங்கும் இடத்தின் எண் அதில் இருக்கும். பிள்ளையின் இரத்த வகையையும் ஒவ்வாமை உள்ள மருந்தையும் நீங்கள் எழுதி, ஒரு பிரதியைப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்து, ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மதியம் 2 மணிக்குள் எல்லோரும் கீழே இறங்கியிருப்பார்கள், இறங்கியதும் அமீர் அலுவலகத்துக்கு அழைப்பார். அதுவரை சிக்னல் இருக்காது, நீங்கள் அழைத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம். 4 மணி வரை எங்களுக்கு அழைப்பு வரவில்லை என்றால் அலுவலகத்திலிருந்து வனத்துறைக்கும் 112-க்கும் நாங்கள் பேசுவோம், அடுத்த நிமிடமே உங்களுக்கும் சொல்வோம். அன்று அஸர் முடியும் வரை அலுவலகத்தில் இருவர் தொலைபேசியின் பக்கத்திலேயே இருப்பார்கள்.

தாள்கள் வாசலில் இருக்கின்றன. போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.